பிள்ளைக்கு மூச்சிரைப்பு: எக்ஸ்ரே எப்போது வேண்டும்?

பினாங்குப் பெற்றோரின் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): வணக்கம் டாக்டர். மகளுக்கு 7 மாதம். மூன்று நாளாக மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சில் கீச்சுச் சத்தம். கிளினிக்கில் எக்ஸ்ரே தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சரியா?

பதில்: சரிதான். இந்த வயதில் சளியோடு வரும் கீச்சுச் சத்தம் பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது நுரையீரலின் சின்ன மூச்சுக்குழாய்களில் வரும் வைரஸ் தொற்று. ஆர்.எஸ்.வி. வைரஸ்தான் முக்கியக் காரணம். பிள்ளையைப் பார்த்து, ஸ்டெத் வைத்துக் கேட்டாலே தெரிந்துவிடும். படம் எடுத்தால், சளி அடைத்துச் சுருங்கிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதை நிமோனியா என்று நினைத்து வீணாக ஆன்டிபயாடிக் கொடுப்பதுதான் நடக்கும்.

நீங்கள் மூச்சை எண்ணுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழு ஒரு நிமிடம். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள்; கைக்குழந்தையின் மூச்சு சீராக வராது. 2 மாதத்துக்குக் கீழே 60, 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூச்சு விடும்போது முனகினாலோ, வழக்கமான பாலில் பாதிகூட இறங்காவிட்டாலோ நேரே அவசரப் பிரிவு. உதடு நீலமானால் 999.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): 2 வயது மகனுக்குக் கச்சாங் பூத்தே (கடலை) சாப்பிடும்போது புரையேறியது. அப்புறம் சரியாகிவிட்டான். ஆனால் நான்கு நாளாக இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது, அது செய்யும் வேலைதான் தெரியும். மூச்சுக்கிளையில் வால்வு மாதிரி உட்கார்ந்துகொண்டால் காற்று உள்ளே போகும், வெளியே வராது. அந்தப் பக்க நுரையீரல் உப்பிக் கறுப்பாகத் தெரியும்; மூச்சு விடும்போது இதயத்தை மறுபக்கம் தள்ளும். மூச்சை இழுத்த நேரத்தில் எடுத்த ஒரே படத்தில் இது சிக்காமல் போகலாம்.

பெரிய பிள்ளை என்றால் மூச்சை விடச் சொல்லி இன்னொரு படம் எடுப்போம். இரண்டு வயதுப் பையன் கேட்பானா? அவனை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுப்பதுண்டு. கீழே இருக்கும் நுரையீரல் உடல் பாரத்தில் சுருங்க வேண்டும். சுருங்காமல் உப்பியே இருந்தால் அடைப்பு அந்தப் பக்கம்தான்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் கடலை உள்ளே இல்லை என்று ஆகிவிடாது. புரையேறியது உறுதி, இருமலும் நிற்கவில்லை என்றால் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிதான் முடிவு சொல்லும். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதலில் கடலையைச் சொல்லுங்கள். இருமலில் தொடங்கினால் இருமல் மருந்தோடு திரும்பி வருவீர்கள். தாமதிக்கத் தாமதிக்க மூச்சுக்குழாய்ச் சுவர் வீங்கி, எடுப்பது சிரமமாகிவிடும்.

கேள்வி (பாயான் பாரு): படம் சரியில்லை என்று இரண்டாவது தடவை எடுத்தார்கள். ஏன்?

பதில்: மூச்சு விட்ட நேரத்தில் எடுத்திருப்பார்கள். அப்போது நுரையீரல் வெளுத்து, இதயம் பெரிதாகத் தெரியும், இல்லாத நோய் இருப்பது போல. நல்ல படத்தில் உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) மேலே விலா எலும்புகளின் முன்பகுதி 5 அல்லது 6 எண்ணலாம். உடல் திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் கறுத்துவிடும். ஆகவே கைகளைத் தலைக்கு இருபுறமும் தூக்கிப் பிடியுங்கள், இடுப்பு நேராக இருக்கட்டும். சங்கிலி, தாயத்து, பட்டன் வைத்த சட்டை எல்லாம் கழற்றுங்கள். (தாயத்தை வெளியே வந்ததும் கட்டிக்கொள்ளலாம்.) பிடிப்பவருக்கு ஈய ஏப்ரன் அவசியம், கர்ப்பிணி பிடிக்கக் கூடாது.

கேள்வி (ஜெலுத்தோங்): கதிர்வீச்சு ஆபத்தா?

பதில்: நெஞ்சுப் படம் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட், அல்லது அதற்கும் குறைவு. இயற்கையிலிருந்து சில நாளில் நம் உடலில் படும் அளவுதான். தேவைப்பட்டால் பயப்படாமல் எடுங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): 5 மாதக் குழந்தை. இதயத்துக்கு மேலே அகலமான நிழல். கட்டியா டாக்டர்?

பதில்: இந்த வயதில் அது பெரும்பாலும் தைமஸ் சுரப்பி (நெஞ்சில் இருக்கும் நோய் எதிர்ப்புச் சுரப்பி), சிலருக்குப் பாய்மரம் போலவே தெரியும். வயது ஏற ஏறப் படத்தில் மறைந்துவிடும். படத்தைப் பார்த்த மருத்துவரிடம் தைமஸ்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (பிறை): நிமோனியா குணமாகிவிட்டது. மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பதில்: நன்றாக ஓடியாடினால் வேண்டாம். பிள்ளை தேறிய பிறகும் படத்தில் நிழல் சில வாரம் இருக்கும். நுரையீரலில் ஒரு பகுதி சுருங்கியிருந்தாலோ, நிழல் உருண்டையாக இருந்தாலோ, அதே இடத்தில் மறுபடி வந்தாலோ 4 முதல் 6 வாரம் கழித்து எடுப்பார்கள். அப்போது பழைய படத்தின் சிடியைக் கையோடு கொண்டுபோங்கள்.