வலை போட்டும் குளம் கலங்கலாகவே இருந்தால்

வலையை மட்டும் நம்பினால் தெளியாது. சேற்றைக் கிளறும் தங்கமீன்களை மூன்று முறை வாரி எடுத்தும் குளம் கலங்கியே கிடக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் குஞ்சுகள் தப்பியிருக்கும். அவை பிறந்ததும் தங்க நிறத்தில் இருக்காது, சில மாதம் பாசிப்பழுப்பாகவே திரியும். சாதா மீன் என்று நீங்களே திருப்பி விட்டிருக்கலாம்.

வாயோரம் பாருங்கள். இரண்டு ஜோடி மீசை இருந்தால் சாதாக் கெண்டை. மீசை இல்லாமல், நீண்ட முதுகுத் துடுப்பின் முன்முள் ரம்பம் போல விரலில் உரசினால் தங்கமீன்.

கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து 24 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் சேறு படிந்து மேலே தெளிந்தால், மீன் கிளறுகிறது (ஆழமில்லாத குளத்தில் காற்றும் கிளறும்). பச்சையாகவே நின்றால் நுண்பாசி. மீனை எடுத்தாலும் அது உடனே போகாது.

உறுதியான வழி, நீரை இறைத்துக் காயவிடுவதுதான்:

1. வேண்டிய மீன், ஆமை, தவளைகளை முதலில் மாற்றுங்கள்.
2. பம்பு உறிஞ்சும் முனையில் கொசுவலை கட்டுங்கள். தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள்.
3. நீர்ச்செடிகளை அகற்றுங்கள், முட்டை அவற்றில்தான் ஒட்டியிருக்கும்.
4. சேறு வெடிக்கும்வரை காயட்டும். ஒரு குட்டை மிஞ்சினாலும் போச்சு. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தங்கமீன் தாக்குப்பிடிக்கும்.

வாய்க்காலோடு இணைந்த குளம் என்றால் வரத்து வாயில் வலை இல்லாமல் இதெல்லாம் வீண். பொதுக்குளத்துக்கு அனுமதி வாங்குங்கள். பிடிபட்ட தங்கமீன்களை வேறு நீர்நிலையில் விடவே கூடாது.