தைஷான், தோய்சான், ஹோய்சான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவுக்குப் போன முதல் தலைமுறைச் சீனர்களைப் பற்றிய கட்டுரையில் அவர்களின் சொந்த மாவட்டத்தைத் ‘தோய்சான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் ‘தைஷான்’தான் இருக்கிறது. அந்தப் பெயரில் தேடினால் ஷான்டோங்கின் புனித மலையும் வருகிறது. இன்னோரிடத்தில் ‘ஹோய்சான்’ என்று படித்தேன். எது சரி?

க.

அன்புள்ள க.,

மூன்றும் குவாங்டோங் மாகாணக் கடற்கரையில் உள்ள அந்த ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன. சீன எழுத்து மாறவில்லை, படிக்கும் வாய்தான் மாறுகிறது. சீனாவின் பொதுமொழியான மாண்டரினைப் பேசுபவர் ‘தைஷான்’ என்பார், குவாங்டோங் வட்டாரத்தின் கான்டனீஸைப் பேசுபவர் ‘தோய்சான்’ என்பார். அந்த மண்ணின் பேச்சிலோ, மூச்சுடன் வரும் ‘த’ ஒலி ‘ஹ’ ஆகிவிடும். அதனால் ஊர்க்காரருக்கு அது ‘ஹோய்சான்’.

ஆங்கிலத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது கான்டனீஸ் ஒலிப்பு. 1979 முதல் சீன அரசு தன் அயல்மொழி வெளியீடுகளில் மாண்டரின் ஒலிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையைக் கையாண்டது. அதன்பின் வரைபடங்களில் ‘தைஷான்’ நிலைத்தது. நீங்கள் பார்த்த மலைக்கு முதல் எழுத்தே வேறு, அதன் தொனியும், அதாவது குரலின் ஏற்ற இறக்கமும், வேறு. வரைபடங்கள் தொனிக்குறியை விட்டுவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் என் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்காத ஒரு பிழை அதில் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தைச் சொல்லும் பத்தியிலும் ‘தோய்சான்’ என்றே எழுதியிருக்கிறேன். அப்போது அந்தப் பெயரே கிடையாது! மாவட்டத்தின் பெயர் சின்னிங். ஹூனானிலும் ஒரு சின்னிங் இருந்ததால் குழப்பம் தவிர்க்க 1914-இல்தான் புதுப் பெயர் வைத்தார்கள். பழைய பெயரின் கான்டனீஸ் வடிவம் ‘சன்னிங்’. சியாட்டிலில் பொருள் ஈட்டித் திரும்பிய சின் ஜீ ஹீ ஊரில் போட்ட ரயில்பாதையை ஆங்கிலத்தில் ‘சன்னிங் ரயில்வே’ என்றே எழுதுகிறார்கள். பெயர் மாற்றத்துக்கு முன்பே, 1909-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது.

கப்பலேறிய அந்த மனிதர்கள் ஊரை நினைத்து ஏங்கியபோது சொல்லியிருக்க முடியாத பெயரை நான் அவர்கள் வாயில் வைத்துவிட்டேன். இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. 1914-க்கு முந்தைய இடங்களில் ‘சன்னிங்’ என்று திருத்திவிட்டேன். பிந்தைய தலைமுறை தன் பேச்சைத் தானே குறிப்பிடும் இடங்களில் இனி ‘ஹோய்சான்’ என்று இருக்கும். இன்றைய நகரத்தைச் சொல்லும்போது மட்டும் ‘தைஷான்’.