பில் மகள் பெயரில், கடை புதுச்சேரியில்: கடலூரிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: ஐயா, நான் நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் ஊருக்கு வந்தபோது, புதுச்சேரியில் ஒரு கடையில் 74,000 ரூபாய்க்கு வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கித் தந்தாள். வாரண்டி இரண்டு வருஷம். ஒன்பதாவது மாதத்தில் இடது பக்கம் சத்தம் நின்றுவிட்டது. கடைக்காரரைக் கேட்டால், "அந்த ஏஜென்சியை விட்டுவிட்டோம், கம்பெனியைக் கேளுங்கள்" என்கிறார். கம்பெனிக்கு நம் பக்கம் சர்வீஸ் சென்டரே இல்லை. என் செலவில் சென்னைக்கு அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. ஸ்பேர் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது போர்டில் உப்புக்காற்றுத் துரு, வாரண்டி செல்லாது, 21,000 ரூபாய் கட்டுங்கள் என்கிறார்கள். பில் மகள் பெயரில் இருக்கிறது. வழக்கு என்றால் சென்னையில்தான் என்று வாரண்டி கார்டில் அச்சடித்திருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். கார்டில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பார்த்தே பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். 1986-ஆம் வருஷத்துச் சட்டம் இருந்த காலத்தில் நீங்கள் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ அலைய வேண்டியிருந்திருக்கும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதை மாற்றிவிட்டது. 34-ஆம் பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். கடை யூனியன் பிரதேசத்தில் இருப்பது ஒரு தடையே இல்லை. கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே போங்கள். கார்டில் அச்சடித்த வரி, சட்டம் கொடுத்த உரிமையைப் பறிக்காது. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பில் மகள் பெயரில் இருப்பதற்கும் கவலைப்பட வேண்டாம். காசு கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று 2(7)-ஆம் பிரிவு சொல்கிறது. "அப்பாவுக்காக வாங்கியது, அவர்தான் பயன்படுத்துகிறார்" என்று மகளிடம் ஒரு கடிதம் கையெழுத்தோடு வாங்கி வையுங்கள். மகளைப் புகார்தாரர் ஆக்காதீர்கள். கடலூரில் குடியிருப்பவர் நீங்கள்தானே.

அப்புறம் துரு. உங்கள் வழக்கின் கடினமான இடம் இதுதான். ஈரம், துரு, மின்னழுத்த ஏற்ற இறக்கம் ஆகியவற்றால் வரும் பழுதுக்கு வாரண்டி இல்லை என்று பல கார்டுகளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் கார்டிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தாலும் மனம் தளர வேண்டாம். கடற்கரை ஊரில் டீலர் வைத்து விற்ற கம்பெனி, வாங்குபவர் வீட்டில் கடல்காற்று வீசும் என்று தெரிந்தேதான் விற்றது. அதைவிட முக்கியம், நான்கு மாதமாக அவர்கள் சொன்ன காரணம் ஸ்பேர் வரவில்லை என்பது. செட் உள்ளே போனபோது எழுதிய ஜாப் ஷீட்டில் துரு என்று ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? இல்லையென்றால், அந்தத் துரு எப்போது வந்தது, யார் கையில் இருந்தபோது வந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. போர்டின் போட்டோவும், எந்தப் பாகம் ஏன் பழுதானது என்ற டெக்னீஷியன் அறிக்கையும் எழுத்தில் கேளுங்கள். இனிமேல் போனில் பேசவே பேசாதீர்கள். எல்லாம் மின்னஞ்சலில் இருக்கட்டும். பழைய வாட்ஸ்அப் செய்திகளைப் பிரிண்ட் எடுத்தாலும் போனிலிருந்து அழிக்காதீர்கள். பழுதின் காரணத்தில் தகராறு என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கடைக்காரர் ஏஜென்சியை விட்டது அவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விஷயம். பணம் வாங்கி பில் போட்டவர் அவர். உற்பத்திக் குறைபாட்டுக்கு டீலர் பொறுப்பில்லை என்று அவர் வாதாடுவார், சில வழக்குகளில் அது எடுபடவும் செய்யும். அதனால் அவரை மட்டும் நம்பாமல் இறக்குமதியாளரையும் எதிர்தரப்பில் சேருங்கள். பெயரும் முகவரியும் அட்டைப்பெட்டி லேபிளில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொட்டலங்களுக்கு அது சட்ட அளவியல் விதிப்படி கட்டாயம். பெட்டி பரணில் கிடந்தால் இன்றைக்கே இறக்கிப் பாருங்கள். அந்த லேபிளே இல்லையென்றால், கடைக்காரர் விற்றது முறையான வழியில் வந்த சரக்குதானா என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது முதல் பொறுப்பு அவர் தலையில்தான்.

இருவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வருவார்கள். அசையவில்லையென்றால் மனு. காலவரம்பு இரண்டு வருஷம், ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் மாற்றுப் பொருள் அல்லது வட்டியோடு பணம், சென்னைக்கு அனுப்பிய செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை என்று வரிசையாகக் கேளுங்கள். லட்சக்கணக்கில் நஷ்டஈடு கேட்டால் நம்பகம்தான் குறையும். ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாதம் சென்டர் இல்லை என்பதல்ல. வாரண்டி கொடுத்துவிட்டு நான்கு மாதம் செய்து தராமல் வைத்திருந்த சேவைக் குறைபாடு என்பதே.

மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும், நடப்பில் அதற்கு மேலும் இழுக்கும். உத்தரவு வந்த பிறகும் மதிக்காவிட்டால் 72-ஆம் பிரிவில் சிறைத் தண்டனை வரை இடமுண்டு.

அந்த 21,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம். பழைய போர்டைக் கழற்றி எறிந்துவிட்டால் சோதிக்க எதுவுமே மிஞ்சாது. "எழுத்து மூலமான என் அனுமதியின்றி எந்தப் பாகத்தையும் மாற்றவோ அகற்றவோ கூடாது" என்று இன்றே சர்வீஸ் சென்டருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.