செய்தி மடலில் வரும் சொற்கள்: எபிஸ்கோப்பல் சபை பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில் சில, பக்கத்தில் தமிழ் ஆராதனை இல்லாத காரணத்தால் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்கத் திருச்சபையான எபிஸ்கோப்பல் சபையின் ஆலயங்களுக்குப் போய்வருகின்றன. ஜெபப்புத்தகமும் திருவிருந்தும் பழகியவைபோலவே இருக்கின்றன, ஆனால் வாராந்தரச் செய்தி மடலில் வரும் அறிவிப்புகள்தான் விளங்கவில்லை என்று இம்மாதக் கடிதங்கள் பலவும் சொல்கின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரே ஆலயத்துக்குத்தான் போகிறோம். ஜனவரி மாத மடலில் 'ஆண்டுக் கூட்டம், வெஸ்ட்ரி தேர்தல்' என்று அறிவித்திருந்தார்கள். வாக்குச் சீட்டு வாங்கப் போனால், என் பெயர் பதிவேட்டில் இல்லை என்றார்கள். காணிக்கை வாங்கும்போது மட்டும் யாரும் பதிவேட்டைப் பார்ப்பதில்லையே? (வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: கடைசி வரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். ஆனாலும் குறை இரு பக்கத்திலும் இருக்கிறது. முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் ஊர் ஆலயங்களில் வெஸ்ட்ரி என்றால் ஐயர் அங்கி மாற்றும் அறை. இங்கிலாந்தில் பழங்காலத்தில் ஊர்ச்சபையார் அந்த அறையில் கூடித்தான் கணக்கு வழக்குகளைப் பேசினார்கள், அதனால் அறையின் பெயரே அங்கே கூடிய குழுவுக்கும் வந்துவிட்டது. எபிஸ்கோப்பல் சபையில் வெஸ்ட்ரி என்பது சபையார் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழு, ஏறத்தாழ நம் சேகரக் கமிட்டி. கட்டடம், பணம், சட்டப்படியான ஒப்பந்தங்கள் ஆகியவற்றோடு புதிய ஆயரைத் தெரிந்தெடுப்பதும் அதன் பொறுப்பு என்பதுதான் பெரிய வேறுபாடு.

அந்தத் திருச்சபையின் சட்டவிதிகளின்படி, ஞானஸ்நானம் பெற்று, அது அத்திருச்சபையின் பதிவேட்டில் முறையாக எழுதப்பட்டிருப்பவரே உறுப்பினர். 16 வயது நிறைந்தவர் வயதுவந்த உறுப்பினர். முந்தைய ஆண்டில் குறைந்தது மூன்று முறை திருவிருந்தில் பங்குபெற்றவர் 'கம்யூனிகன்ட்'. ஆராதனை, உழைப்பு, ஜெபம், காணிக்கை ஆகியவற்றில் உண்மையாக இருப்பவர் நற்பெயருள்ள கம்யூனிகன்ட். யாருக்கு வாக்கு என்பதை அந்தந்த மாநிலச் சட்டமும் சபையின் துணைவிதிகளும் முடிவுசெய்கின்றன என்றாலும், பெரும்பாலான இடங்களில் இந்த வரையறைகளே அடிப்படை.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஊரில் உங்கள் சேகரத் தலைவருக்கு எழுதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல் ஆகியவற்றின் தேதிகளோடு ஒரு மாற்றுக் கடிதம் வாங்கி, இங்குள்ள ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கிய தென்னிந்தியத் திருச்சபையும், எபிஸ்கோப்பல் திருச்சபையும் இன்று ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்ற உலகளாவிய திருச்சபைக் குடும்பத்தில் அங்கம் வகிப்பவை. ஆகவே நீங்கள் மதம் மாறுவதுமில்லை, மறுபடி ஞானஸ்நானம் பெறுவதுமில்லை. வீடு மாறுகிறீர்கள், அவ்வளவே. அடுத்த ஜனவரி வரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே எழுதிவிடுங்கள்.

கேள்வி: இலையுதிர் காலம் வந்தால் 'பிளெட்ஜ்' அட்டை ஒன்று அனுப்புகிறார்கள். வரும் ஆண்டில் எவ்வளவு கொடுப்பேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டுமாம். இது கடன் பத்திரம்போல இருக்கிறது. எழுதியதைக் கொடுக்க முடியாமல் போனால் என்ன செய்வார்கள்? (வாசகர், டெக்சஸ்)

பதில்: ஒன்றும் செய்யமாட்டார்கள். வேலை போய்விட்டது, மருத்துவச் செலவு வந்துவிட்டது என்று பொருளாளரிடம் ஒரு வரி சொன்னால் தொகையைக் குறைத்துக்கொள்வார், காரணத்தைக்கூட விரிவாகக் கேட்கமாட்டார். அட்டை எதற்கென்றால், பெரும்பாலான சபைகளில் ஆயரின் சம்பளத்தைப் பேராயம் தருவதில்லை. சம்பளம், வீட்டு வசதி, அவற்றோடு மொத்த ஊதியத்தில் 18 விழுக்காடு ஆயர்களின் ஓய்வூதிய நிதிக்கு, குளிர்கால வெப்பச் செலவு, காப்பீடு, பேராயத்துக்குச் செலுத்தும் பங்கு என்று எல்லாவற்றையும் சபையாரின் காணிக்கையிலிருந்தே கொடுத்தாக வேண்டும். டிசம்பரில் வரவுசெலவுத் திட்டம் போடும் வெஸ்ட்ரிக்கு, வந்து சேர்ந்த அட்டைகளின் கூட்டுத்தொகைதான் கையில் இருக்கும் ஒரே நம்பகமான எண்.

நம் ஊரில் சங்கக் காணிக்கைப் பட்டியலைப் பெயரும் தொகையுமாக அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. இங்கே அப்படி வெளியிடுவதில்லை. யார் எவ்வளவு என்பதைப் பார்ப்பவர் பொருளாளரோ பதிவாளரோ ஓரிருவர் மட்டுமே, ஆயர் பார்ப்பதா வேண்டாமா என்பதுகூடச் சபைக்குச் சபை மாறும். எனக்கு இந்த முறையே பிடித்திருக்கிறது என்பதை ஒளிக்கவில்லை. ஒரே தடவையில் 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்து வருமான வரி விலக்குக் கோருவதாக இருந்தால், ஆலயத்தின் எழுத்துமூல ஒப்புகை கட்டாயம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்பதும் சட்டவிதி. தணிக்கை அறிக்கையைக் கேட்டால் சந்தேகப்படுகிறீர்கள் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

மடலில் இன்னொரு சிறு அறிவிப்பையும் கவனித்திருப்பீர்கள்: மாதத்தில் ஒரு ஞாயிறு, தனியாகக் குறிப்பிடாமல் தட்டில் விழும் காணிக்கை ஏழைகளுக்கான ஆயரின் நிதியில் சேரும். வாடகை கட்ட முடியாதவர், மின்சாரம் துண்டிக்கப்பட்டவர் என்று கதவைத் தட்டுபவர்களுக்கு அவர் யாரிடமும் பெயர் சொல்லாமல் அதிலிருந்துதான் கொடுக்கிறார். கூடத்தில் அடுக்கி வைத்திருக்கும் நீலநிற அட்டைப் பெட்டிகள் வேறு. நன்றி தோன்றும்போதெல்லாம் ஒரு காசு போடுவதற்காக வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியவை அவை. 1889இல் பெண்கள் தொடங்கிய ஐக்கிய நன்றிக் காணிக்கையின் வழக்கம் இன்னும் நடக்கிறது.

கேள்வி: எங்கள் ரெக்டர் (சபையின் பொறுப்பு ஆயர்) 14 ஆண்டுகள் இருந்து, ஒன்றரை ஆண்டுக்கு முன் ஓய்வுபெற்றார். பத்து மைல் தூரத்தில்தான் குடியிருக்கிறார். என் மகளைத் திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்தவரே அவர்தான். அவளுடைய திருமணத்தை நடத்தித் தரக் கேட்டபோது முடியாது என்று சொல்லிவிட்டார். இதற்கிடையே ஆலயத்துக்குப் புதிய ஆயரும் இன்னும் வரவில்லை. பேராயர் ஒருவரை மாற்றி அனுப்பக் கூடாதா? (வாசகர், ஒஹாயோ)

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றது அதிலிருந்தே விளங்கும்.

நம் திருமண்டலங்களில் ஐயர்மாருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் வரும், பட்டியல் வெளியாகும் நாளில் ஊரே அதைப் பற்றித்தான் பேசும். எபிஸ்கோப்பல் சபையில் அந்தப் பட்டியலே கிடையாது. தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் சபைக்கு ரெக்டரை அழைப்பது வெஸ்ட்ரி. பேராயரிடம் பெயரை முன்கூட்டியே தெரிவித்து, அவர் கருத்தைக் கேட்ட பிறகே தேர்தல் நடக்கும், ஆனாலும் அழைப்பு சபையினுடையதுதான். வந்தவருக்குக் காலவரையறை இல்லை, 72 வயதில் கட்டாய ஓய்வு மட்டும் உண்டு. பேராயத்தின் உதவியில் நடக்கும் சிறு சபைகளுக்கு மட்டுமே பேராயர் தாமே 'விகார்' எனப்படும் ஆயரை நியமிக்கிறார்.

இதற்கு வரலாற்றுக் காரணம் ஒன்று இருக்கிறது. குடியேற்றக் காலம் முழுவதும் அமெரிக்காவில் ஒரு பேராயர்கூட இல்லை. எல்லாச் சபைகளும் கடலுக்கு அப்பாலிருந்த லண்டன் பேராயரின் கண்காணிப்பில் இருந்ததாகப் பெயர், ஆனால் வர்ஜீனியா போன்ற இடங்களில் ஆயரை அமர்த்துவதும் சம்பளம் பேசுவதும் ஊர்ப் பெரியவர்கள் கூடிய வெஸ்ட்ரிதான். விடுதலைப் போருக்குப் பிறகு கனெடிகட் ஆயர்கள் பேராயராகத் தெரிந்தெடுத்த சாமுவேல் சீபரி அபிஷேகம் பெற இங்கிலாந்துக்குப் போனார். அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்ததால் அங்கே காரியம் நடக்கவில்லை. பிறகு ஸ்காட்லாந்துக்குப் போய், 1784 நவம்பர் 14 அன்று அபர்டீன் நகரில் அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். பேராயர் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே வெஸ்ட்ரி வேரூன்றிவிட்ட நாடு அது. 1789இல் பிலடெல்பியாவில் திருச்சபையின் அமைப்புச் சட்டத்தை எழுதியவர்களும் அந்த உரிமையைப் பிடுங்க முனையவில்லை.

அந்த உரிமைக்கு விலையும் உண்டு, அதைத்தான் இப்போது நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தேடல் குழு அமைத்து, சபையைப் பற்றிய விவரக்குறிப்பு எழுதி, விண்ணப்பங்களை வாங்கி, நேர்காணல் நடத்தி முடிக்க ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆவது சாதாரணம். அதுவரை இடைக்கால ஆயர் ஒருவர் இருப்பார். அவரைத் தற்காலிகம்தானே என்று ஒதுக்கிவைக்கும் சபைகள் பிறகு வருந்துகின்றன.

ஓய்வுபெற்றவர் உங்களை உதறிவிடவில்லை. விடைபெற்ற ஆயர், பழைய சபையில் திருமணமோ அடக்க ஆராதனையோ தாமாக ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான மரபு, அவர் நிழலில் புதியவர் வாட வேண்டியிருக்கக் கூடாது என்பதே நோக்கம். நீங்கள் கேட்க வேண்டிய இடம் இடைக்கால ஆயர். அவர் விரும்பினால் பழைய ரெக்டரைத் தாமே அழைத்து, பிரசங்கத்தையோ ஆசீர்வாதத்தையோ அவரிடம் ஒப்படைக்கலாம். திருமணத்துக்கு 30 நாட்களாவது முன்னதாக ஆயரிடம் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் கற்பிக்க முன்வந்தேன். ஊரில் 20 ஆண்டுகள் அதைச் செய்தவள் நான். காவல்துறைப் பின்னணிச் சோதனைக்கு ஒப்புதல் தர வேண்டும், பயிற்சி வகுப்பில் தேற வேண்டும் என்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. (வாசகி, ஜார்ஜியா)

பதில்: தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வந்த அதே படிவம் ரெக்டருக்கும் இசைக்குழுத் தலைவருக்கும் வந்திருக்கும். குழந்தைகள் இருக்கும் அறையில் ஒருவருக்கொருவர் உறவில்லாத பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், கதவில் கண்ணாடி இருக்க வேண்டும் அல்லது கதவு திறந்திருக்க வேண்டும் என்பன போன்ற பாதுகாப்பு முறைகளும் அதில் அடக்கம். பல சபைப் பிரிவுகளில் நம்பிக்கையின் பெயரால் நடந்த கொடுமைகள் வெளிவந்த பிறகு எழுதப்பட்ட விதிகள் இவை. நம் ஊர் ஞாயிறு பள்ளிகளிலும் இதைத் தொடங்கினால் நான் வரவேற்பேன். கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு உங்கள் பாட்டுகளோடு வகுப்புக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஆயர் ஒரு பெண்மணி. எப்படி அழைப்பது? பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார், எனக்கு வாய் வரவில்லை. (வாசகர், மேரிலாந்து)

பதில்: 1974 ஜூலையில் பிலடெல்பியாவில் 11 பெண்களுக்கு முன்னனுமதியின்றியே குருப்பட்டம் கொடுத்தார்கள், 1976இல் திருச்சபைக்குச் சட்டமியற்றும் பொது மாநாடு அதற்குச் சட்டப்படி இடம் தந்தது. இவ்வளவு ஆண்டுகளாகியும் அழைப்பில் ஒருமித்த வழக்கம் ஏற்படவில்லை. சில சபைகளில் 'மதர்', சிலவற்றில் 'பாஸ்டர்', மற்றவற்றில் வெறும் பெயர். பெயருக்கு முன் 'மதர்' சேர்த்து அழைத்துப் பாருங்கள். தமிழில் 'அம்மா' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு அது சிரமமாக இராது.

கேள்வி: மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஆலயத்தில் தமிழ் ஆராதனை நடத்த விரும்புகிறோம். வெஸ்ட்ரி உறுப்பினர் ஒருவர் சரி என்றுவிட்டார். அது போதுமா? (வாசகர், கலிஃபோர்னியா)

பதில்: போதாது. ஆராதனைக்கும் ஊழியத்துக்குமாக ஆலயத்தையும் கட்டடங்களையும் பயன்படுத்தும் அதிகாரம் சட்டவிதிப்படி ரெக்டருக்கு உரியது. எழுத்தில் ஓர் ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்றிதழ், நாற்காலிகளை யார் அடுக்குவது, குளிர்காலத்தில் வெப்பத்துக்கு யார் பணம் தருவது ஆகியவற்றை முதலிலேயே பேசி முடியுங்கள். சபைகளுக்கு இடையே மனக்கசப்பு வருவது இறையியலால் அல்ல, சமையலறையில் கழுவாமல் விட்ட பாத்திரத்தால்தான் என்பது என் அனுபவம். ஊரிலிருந்து வரும் ஐயர் ஒரு முறை திருவிருந்து நடத்த ரெக்டரின் அனுமதி வேண்டும், அந்தப் பேராயத்தில் இரண்டு மாதங்களுக்கு மேல் ஊழியம் செய்வதானால் அங்குள்ள பேராயரின் உரிமமும் வேண்டும்.

கேள்வி: ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் என் அம்மாவுக்கு ஆங்கிலம் பேச வராது. ஆலயத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறார்கள். என்ன வேலை இருக்கும்? (வாசகி, வட கரோலினா)

பதில்: மடலில் 'ஆல்டர் கில்ட்' என்ற தலைப்பைத் தேடி, அதன் பொறுப்பாளரிடம் பேசிவிட்டு, சனிக்கிழமை அம்மாவை அழைத்துப் போங்கள். திருவிருந்து மேசையை ஆயத்தம் செய்யும் குழு அது. பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை, கை சொல்லித்தரும், கண் கற்றுக்கொள்ளும். திராட்சரசம் பட்ட வெள்ளைத் துணிகளை அலசி, ஈரம் காயுமுன் இஸ்திரி போட்டு, பாத்திரத்துக்கு அடியில் விரிக்கும் துணியை நீளத்தில் மூன்றாகவும் அகலத்தில் மூன்றாகவும் உள்நோக்கி மடிப்பார்கள். விரிக்கும்போது ஒன்பது சதுரங்கள் தெரியும். அப்பத் துணுக்கு ஏதும் இருந்தால் சிதறாமல் நடுவிலேயே தங்கட்டும் என்றுதான் அந்த மடிப்பு.

பல ஆலயங்களில் அந்த அறையில் இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்று சாதாரணத் தொட்டி. மூடி போட்ட மற்றச் சிறு தொட்டியின் குழாய் சாக்கடையில் சேராமல் நேரே மண்ணுக்குள் போகிறது. பாத்திரங்களையும் துணிகளையும் முதல் முறை அலசிய தண்ணீரை அதில்தான் ஊற்ற வேண்டும். இந்த ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். மற்றதெல்லாம் அங்கே இருக்கும் பெண்கள் காட்டிக்கொடுப்பார்கள்.