எத்தியோப்பிய மலைநாட்டுக்குக் குழந்தைகளையும் அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் இப்போதைக்கு வேண்டாம்.

கோண்டார், சிமியன் மலை, லாலிபெலா மூன்றையும் ஒரே வாரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் அறுபது தாண்டிய அம்மாவோடும் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே அம்ஹாரா பகுதியில் இருக்கின்றன. அங்கே ராணுவத்துக்கும் உள்ளூர் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை முற்றி, 2023 ஆகஸ்டில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். அதற்கப்புறம் அந்தச் சாலைகளை நம்பிக் குடும்பத்தோடு கிளம்புங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நிலைமை நன்றாகத் தெளிந்த பிறகு போங்கள். எப்படிப் போவது என்பதற்கு நாங்கள் போன கதையையே சொல்கிறேன்.

2017இல் எனக்கு அம்ஹாராவின் தலைநகரான பஹிர் தாரில் ஆசிரியர் வேலை. (அந்த நாட்டில் இந்தியர் என்றாலே வாத்தியார்தான், நரைத்த தலைக்காரர் யாரைப் பார்த்தாலும் "எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது உங்க ஊர்க்காரர்" என்பார்.) அரையாண்டு லீவுக்கு மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், முழங்கால் வலியோடு அம்மா, எல்லோரும் வந்து இறங்கினார்கள்.

முதல் விஷயம் உயரம். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். சிமியனில் கார் போகிற செனெக் முகாமே 3,620 மீட்டர். அதனால் வந்ததும் நேரே மேலே ஏறாதீர்கள். எங்களுக்கு பஹிர் தார் 1,800 மீட்டரில் இருந்தது வசதியாகப் போயிற்று. அங்கே இரண்டு நாள், 2,100 சொச்சத்தில் இருக்கும் கோண்டாரில் இரண்டு நாள், பிறகுதான் மலை. அப்படியும் செனெக்கில் மனைவிக்குத் தலைவலி வந்தது. முகாமில் தங்காமல் அடிவாரத்து டெபார்க் ஊருக்கு இறங்கி வந்தோம், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. வயதானவர்கள் இருந்தால் டெபார்க்கிலேயே அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் மேலே போய் வருவது நல்லது. அந்த ஊரே ஊட்டியைவிட ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், ராத்திரிக் குளிர் எலும்பு வரைக்கும் போகும்.

கோண்டார் கோட்டைகளைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். 1636இல் ஃபாசிலிடஸ் அரசர் உண்டாக்கிய தலைநகரம், அரை நாளில் பார்த்துவிடலாம், பிள்ளைகள் ஓடி விளையாட நிறைய இடம். என்னைக் கேட்டால் அதைவிட தெப்ரே பெர்ஹான் செலாசி தேவாலயம்தான் பிள்ளைகளுக்கு. கூரை முழுக்க வரிசை வரிசையாகத் தேவதை முகங்கள். எல்லாம் ஒன்று போலத் தெரியும், கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தால் ஒன்று இடது பக்கம் முழிக்கும், ஒன்று வலது பக்கம், ஒன்று யார் மேலோ கோபமாக இருக்கும். மகள் எண்ண ஆரம்பித்து, எண்பதைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து.

கோண்டாரில்தான் நான் அசிங்கப்பட்டதும். புதிதாகக் கற்ற அரைகுறை அம்ஹாரிக்கில் டிரைவரிடம் நேரம் கேட்டேன், "சோஸ்த்" என்றார், மூன்று மணி. விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்வெட்டர், குல்லாவோடு குடும்பமே விடுதி வாசலில் நின்றது. அங்கே சூரியன் உதிப்பதிலிருந்துதான் மணியை எண்ணுவார்கள், அவர்களுடைய மூன்று மணி நமக்குக் காலை ஒன்பது. வேலை பார்த்த இடத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேசி நம் கணக்குக்கு மாற்றிச் சொல்லியே பழகியதால் எனக்கு இது உறைக்கவில்லை. யார் நேரம் சொன்னாலும் பகலா ராத்திரியா, யார் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

சிமியனுக்குள் துப்பாக்கி வைத்த காவலர் ஒருவர் கட்டாயம் கூட வருவார். எங்களுக்கு வந்தவர் பிளாஸ்டிக் செருப்பும் போர்வையுமாக ஒரு பெரியவர். அவருக்கும் அம்மாவுக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனால் அம்மா கொடுத்த முறுக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. மலையேறத் தெரியாதவர்களுக்கும் இங்கே பார்க்க விஷயம் இருக்கிறது, அதனால்தான் ஒரு இடத்தை விடவேண்டும் என்றால் சிமியனை விடாதீர்கள் என்பேன். கெலடா குரங்குகள் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ராத்திரி செங்குத்துப் பாறை இடுக்குகளில் தூங்கிவிட்டு, வெயில் ஏறியதும் மேலே வரும். நாங்கள் புல்வெளியில் பேசாமல் உட்கார்ந்தோம், நூறு குரங்காவது இருக்கும், நெஞ்சில் சிவப்புத் திட்டு, சிங்கம் போலப் பிடரி. பார்க்க முரடு, தின்பதோ பெரும்பாலும் புல். இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் கிள்ளி வாயில் போட, அத்தனை கையும் புல்லைப் பிய்க்கிற 'சரக் சரக்' சத்தம் மட்டும்தான் அங்கே கேட்டது. மகன் கால்மணி நேரம் வாயே திறக்கவில்லை, அது வீட்டில் நடக்காத அதிசயம். தீனி போடாதீர்கள், அவ்வளவுதான்.

லாலிபெலாவுக்கு கோண்டாரிலிருந்து விமானத்தில் போனோம். சாலை வழியாக ஒரு நாள் முழுக்க எலும்பு குலுங்கும், அம்மாவோடு அது ஆகாது. பாறையைக் குடைந்து செய்த 11 தேவாலயங்கள், 12-13ஆம் நூற்றாண்டில் ஆண்ட லாலிபெலா அரசரின் பெயரில் ஊர். வெளிநாட்டவருக்கு அப்போது தலைக்கு 50 டாலர் டிக்கெட். சிலுவை வடிவத்தில் இருக்கிற பேத்த கியோர்கிஸை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள், கழுகுமலை வெட்டுவான் கோயில் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் இங்கே தளமட்டம் தரைக்குக் கீழே, சுமார் 12 மீட்டர் பள்ளம், விளிம்பில் கம்பி வேலி எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் கையை விடாதீர்கள். இரண்டு தேவாலயங்களுக்கு நடுவே ஒரு சுரங்க வழி உண்டு, நரகத்தைக் குறிக்கிறதாம், வழிகாட்டி போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே வரச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பயணத்திலேயே பிடித்தது அதுதான். உள்ளே செருப்பு போடக்கூடாது, ஆனால் கம்பளத்தில் தெள்ளுப்பூச்சி இருக்கும், கனமான சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவால் அந்தப் படிகளில் இறங்க முடியவில்லை. மேலே பாறையில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால், அவர்கள் ஜனவரி 7இல் கொண்டாடுகிற கிறிஸ்துமஸுக்காக எங்கிருந்தோ நடந்து வந்த வெள்ளை வேட்டி போர்த்திய பாட்டி ஒருவர் பக்கத்தில். இருவரும் வறுத்த பார்லியை, கோலோ என்பார்கள், கொறித்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையில் ஒரு பிடி எனக்கும் எடுத்து வைத்திருந்தார் அம்மா.

சாப்பாட்டுக்குப் பயப்படவேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முன் 43 நாள் விரதம், அப்போது எங்கு கேட்டாலும் "யே ட்ஸோம்" என்று சொன்னால் இஞ்சேரா மேல் பருப்பு, கீரை, கோஸ் வரும். இஞ்சேரா என்றால் நன்றாகப் புளித்த பெரிய ஆப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் புதனும் வெள்ளியும் கேட்டால் கிடைக்கும். விரதச் சாப்பாட்டில் பால்கூடச் சேர்க்க மாட்டார்கள், அம்மா தயிருக்குத்தான் ஏங்கிப்போனார்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அதை விட்டுவிட்டு அக்டோபர், டிசம்பர் வாக்கில் போங்கள். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுவிடுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்தில் பிடித்துத் தனியாக அடைத்து வைத்துவிடுவார்கள், ஆகவே பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.