ஊர் ஊராகச் சென்று பயிற்சி தரும் பொறியாளர்: ஒப்பந்தத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

கேள்வி: பினாங்கு மாநிலம் புக்கிட் மின்யாக்கில் தைவான் நாட்டு சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும்) இயந்திரங்களை விற்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். இயந்திரம் வாங்கும் பட்டறைகளுக்கு நேரில் போய், அங்குள்ள ஆட்களுக்கு புரோகிராம் எழுதவும் இயந்திரத்தை செட் செய்யவும் சொல்லிக்கொடுக்க ஓர் அப்ளிகேஷன்ஸ் இன்ஜினியரை அமர்த்தப் போகிறேன். அடிப்படைச் சம்பளம் 3,800 ரிங்கிட், வெளியூர் நாள்களுக்குச் சாப்பாட்டுப் படி, விற்பனையில் கமிஷன். மாதத்தில் பாதி நாள் ஈப்போ, ஷா ஆலாம், ஜொகூர் என்று வெளியில்தான் இருப்பார். முதலில் மூன்று வாரம் தைச்சுங்கில் பயிற்சிக்கு அனுப்ப 18,000 ரிங்கிட் செலவாகும். நண்பர் தந்த மாதிரி ஒப்பந்தத்தில், அவர் ஊழியர் அல்லர், தனிக் குத்தகையாளர் என்றும், மூன்று ஆண்டுக்குள் விலகினால் 50,000 ரிங்கிட் கட்ட வேண்டும் என்றும், விலகிய பின் ஈராண்டுக்குப் போட்டி நிறுவனத்திலோ எங்கள் வாடிக்கையாளரிடமோ சேரக்கூடாது என்றும், வாடிக்கையாளரின் இயந்திரம் சேதமானால் சம்பளத்தில் பிடிக்கலாம் என்றும் இருக்கிறது. இதில் கையெழுத்து வாங்கலாமா?

பதில்: இந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டாம். நீங்கள் குறிப்பிட்ட நான்கு விதிகளில் மூன்று நீதிமன்றத்தில் நிற்காது. மீதமுள்ள பயிற்சிப் பிணையும், அதாவது மூன்று ஆண்டுக்குள் விலகினால் 50,000 ரிங்கிட் என்ற விதியும், இப்போதுள்ள தொகையில் நிற்பது கடினம். அதைவிட எனக்குக் கவலை தருவது, படிவத்தில் இல்லாத விஷயங்கள்தாம். இந்த மனிதர் உங்கள் கண் பார்வைக்கு வெளியே, வேறொருவரின் கூரைக்குக் கீழே, வேறொருவரின் இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்யப் போகிறார். அந்த நாள்களைப் பற்றி உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதலில் குத்தகையாளர் என்ற பெயர். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தங்களுக்குப் பிறகு, 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 101சி பிரிவு, எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில் ஒருவரை ஊழியர் என்று எப்போது அனுமானிக்கலாம் என்பதற்குச் சில அடையாளங்களைச் சொல்கிறது: வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் வேலை தருபவர் கட்டுப்படுத்துவது, கருவிகளை அவரே தருவது, அந்த வேலை அவரது தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாக இருப்பது போன்றவை. உங்களிடம் எழுத்து ஒப்பந்தம் இருக்கும் என்றாலும், நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காமல் உள்ளடக்கத்தையே பார்க்கும். எந்தப் பட்டறைக்கு என்று போக வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். மடிக்கணினியும் சோதனைத் தண்டும் காரும் உங்களுடையவை. மாதம் பிறந்தால் சம்பளம். இவர் உங்கள் ஊழியர்தான். அப்படி இல்லை என்று எழுதி வைத்தால், ஊழியர் சேமநிதிக்கான முதலாளி பங்கும் (மாத ஊதியம் 5,000 ரிங்கிட் வரை 13 விழுக்காடு) பெர்கெசோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தாவும் பிற்பாடு நிலுவையாக உங்கள் தலையில் விழும்.

அடுத்தது வேலை நேரம். இதைத்தான் முதலாளிகள் அதிகம் கவனிப்பதில்லை. மாத ஊதியம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு மிகைநேர ஊதியமும், ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் வேலை செய்வதற்கான கூடுதல் ஊதியமும் சட்டப்படி உண்டு. இந்த 4,000-ஐக் கணக்கிடும்போது கமிஷன், சாப்பாட்டுப் படி, மிகைநேர ஊதியம் ஆகியவை சேராது. பயணப் படி ஊதியத்தின் விளக்கத்திலேயே இல்லை. ஆகவே கமிஷனோடு அவர் 6,000 ரிங்கிட் வாங்கும் மாதத்திலும் அவர் உங்கள் கணக்கில் 3,800 ரிங்கிட் ஊழியரே. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 146.15 ரிங்கிட், எட்டு மணி நேர நாளில் ஒரு மணிக்கு 18.27, ஒன்றரை மடங்கு மிகைநேரம் 27.40.

இப்போது ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபிக்ஸ்சரையும் கட்டர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு ஷா ஆலாமுக்குச் சுமார் 350 கிலோமீட்டர் ஓட்டிப் போகிறார். பத்து மணிக்குப் பயிற்சி தொடங்குகிறது. பட்டறைக்காரர், இரவு வேலைக்கு வரும் ஆட்களுக்கும் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள் என்கிறார். எட்டு மணிக்குத்தான் ஹோட்டலுக்குத் திரும்புகிறார். சட்டம் வேலை நேரம் என்பதை, ஊழியர் தம் நேரத்தையும் நடமாட்டத்தையும் தாமே தீர்மானிக்க முடியாதபடி முதலாளியின் பணிப்பில் இருக்கும் நேரம் என்று விளக்குகிறது. உங்கள் சாமான்களை உங்கள் காரில் உங்கள் உத்தரவுப்படி ஓட்டிச் சென்ற அந்த ஐந்து மணி நேரமும் இதில் அடங்கும் என்பதே என் கருத்து. ஹோட்டலில் தூங்கிய நேரம் அடங்காது. வாரத்துக்கு 45 மணி நேரம், மிகைநேரம் மாதத்துக்கு 104 மணி நேரம் என்ற வரம்புகளும் இருக்கின்றன. இயந்திரம் சும்மா நிற்பது ஞாயிற்றுக்கிழமைதான் என்று பயிற்சியை அன்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. அது அவருடைய ஓய்வு நாளானால் அதற்குத் தனி ஊதியம் தர வேண்டும். நிலையான தொழில்நுட்பப் படி 300 ரிங்கிட் சேர்த்து 4,100 ஆக்கினால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது என்று யாராவது சொல்வார்கள். உடல் உழைப்பில் ஈடுபடுவோருக்குச் சம்பள வரம்பே இல்லை என்ற இன்னொரு வழியும் சட்டத்தில் இருப்பதால், நாள் முழுக்க வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) மாற்றி, பொருள் தூக்கி வேலை செய்பவர் அந்த வாதத்தை வைக்கலாம். அதனால் எல்லையில் விளையாடாமல், பயண நேரத்துக்கு இவ்வளவு, பயிற்சி நேரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 350 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால் முந்தின இரவே போய்த் தங்க வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். இதில் சட்டத்தைவிட அவருடைய உயிர்தான் எனக்கு முக்கியம். வேலை தொடர்பான பயணத்தில் நேரும் விபத்து, 1969-ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி வேலையிட விபத்தாகக் கருதப்படும். பெயரைப் பதிவு செய்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு எளிதில் கைக்கு வரும்.

இயந்திரச் சேதம்தான் உங்கள் உண்மையான பயம் என்று கேள்வியிலேயே தெரிகிறது. ஒரு காட்சியைச் சொல்கிறேன். பட்டறை ஆபரேட்டர் டூல் ஆஃப்செட்டில் (வெட்டும் கருவியின் நீளத்துக்கான அளவு) தவறான எண்ணைப் போட்டுவிடுகிறார். உங்கள் பொறியாளர் பக்கத்தில் நின்று வேறொருவருக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறார். சைக்கிள் ஸ்டார்ட் (இயந்திரத்தை ஓடவிடும் பொத்தான்) அழுத்தப்படுகிறது. முழு வேகத்தில் ஸ்பின்டில் (கருவியைச் சுழற்றும் தண்டு) வைஸில் போய் மோதுகிறது. பேரிங் போயிற்று, இரண்டு வாரம் உற்பத்தி நின்றது. யார் கொடுப்பது?

ஊழியர் வேலையின்போது செய்யும் கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பு. ஆள் வேறொருவரின் பட்டறையில், வேறொருவர் சொல்கேட்டு நின்றாலும் பொறுப்பு எளிதில் கைமாறாது. கிரேனையும் அதன் ஓட்டுநரையும் வாடகைக்கு அனுப்பிய லிவர்ப்பூல் துறைமுக வாரியமே விபத்துக்குப் பொறுப்பு என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1946-இல் தீர்ப்பளித்தது. அந்தப் பொதுச் சட்டம், 1956-ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு வழியாக நமக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே பொத்தானை அழுத்தியது உங்கள் ஆளின் கையா, அவர்கள் ஆளின் கையா என்பதுதான் வழக்கின் உயிர்நாடி. இதற்கான இடம் வாடிக்கையாளருடன் நீங்கள் போடும் விற்பனை ஒப்பந்தம். பொறியாளரின் வேலை ஒப்பந்தத்தில் இதைத் தேடக்கூடாது. விற்பனை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: புதிய புரோகிராமின் முதல் ஓட்டம் எப்போதும் சிங்கிள் பிளாக்கில் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும்), ரேப்பிட் வேகத்தை (வெட்டாமல் நகரும் வேகம்) குறைத்து வைத்தே நடக்கும், பொறியாளர் சொல்லாமல் ஆபரேட்டர் சைக்கிள் ஸ்டார்ட்டைத் தொடக்கூடாது, ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் பயிற்சித் தாளில் நேரத்துடன் இருவரும் கையெழுத்திட வேண்டும், அந்த நேரத்திலிருந்து இயந்திரம் பட்டறையின் பொறுப்பு. மேற்கொண்டு, மூன்றாம் தரப்புச் சேதத்துக்கான காப்புறுதி எடுங்கள்.

சம்பளத்தில் பிடிப்பதோ நடக்காத காரியம். வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு எந்தெந்தத் தொகையைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. வாடிக்கையாளரின் இயந்திரச் சேதம் அந்த வரையறைக்குள் வராது. ஒருவேளை பிடிக்க வழியிருந்தாலும், பழி தன் சம்பளத்தில் விழும் என்று அறிந்தவர், மோதல் நடந்ததை உங்களுக்கு உடனே சொல்வாரா என்று யோசியுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. கடமை தவறும் முதலாளிக்கான அபராத உச்சம் 50,000-இலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருந்தால் ஊழியர் அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமையை 26ஏ பிரிவு தருகிறது. கதவைத் திறந்து வைத்தே ஓட்டுவதற்காக, கதவின் பாதுகாப்புச் சுவிட்சில் உதிரிச் சாவியைச் செருகி வைத்திருக்கும் பட்டறைகளை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அந்தச் சாவியை எடுக்காதவரை பயிற்சி தொடங்காது, அதனால் ஒரு நாள் வீணானாலும் பொறியாளர் மீது குறையில்லை என்று எழுத்தில் கொடுங்கள். விற்பனை கெட்டுவிடும் என்ற பயத்தில் அவர் வாய்மூடி நிற்கக்கூடாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்வதால் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நீங்கள் ஏற்கெனவே நியமித்திருக்க வேண்டும்; இல்லையென்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள்.

பயிற்சிப் பிணையை நான் முழுவதும் தவறென்று சொல்லமாட்டேன். 18,000 ரிங்கிட் செலவழித்து அனுப்பிவிட்டு, திரும்பிய மாதமே ஆளை இழப்பது சிறு நிறுவனத்துக்குப் பேரிழப்பு. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்பே. நீதிமன்றம் கொடுப்பது நியாயமான இழப்பீடு. கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், எழுதிய தொகை நியாயமற்றது என்று காட்டும் பாரம் ஒப்பந்தத்தை மீறியவர் மேல் என்று சொன்னது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் 18,000 செலவுக்கு 50,000 கேட்டால் அந்தப் பாரத்தை அவர் சுலபமாகத் தூக்கிவிடுவார். 18,000-ஐ 24 மாதங்களுக்குப் பிரித்து, அவர் வேலை செய்யும் ஒவ்வொரு மாதத்துக்கும் 750 ரிங்கிட் குறையும்படி எழுதுங்கள். விமானச் சீட்டு, தங்கும் செலவு, பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளை இணையுங்கள். மூன்று வாரச் சம்பளத்தை அதில் சேர்க்காதீர்கள். நீங்களே அவரை வேலையிலிருந்து நிறுத்தினால் பிணை கிடையாது என்றும் எழுதுங்கள். பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளாமல், தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

விலகிய பின் சேரக்கூடாது என்ற தடைக்கு ஒரு பத்தி போதும். ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. நம் நீதிமன்றங்கள், தடை நியாயமானதா என்றுகூடக் கேட்பதில்லை. கோத்தா பாருவில் ஓர் உதவி வழக்கறிஞருக்குப் போட்ட இத்தகைய தடையும் 1964-இல் செல்லாது என்றானது. வேலையில் இருக்கும் காலத்தில் போட்டியாளருக்கு உழைக்கக்கூடாது என்று தாராளமாக எழுதலாம். போகாமல் தடுக்க உங்களுக்குள்ள வழிகள்: இரு தரப்புக்கும் ஒரே அளவில் இரண்டு மாத முன்னறிவிப்பு, இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு போனஸ், முறையான மிகைநேர ஊதியம்.

ரகசியத்தை மட்டும் நீங்கள் உறுதியாகக் காக்கலாம். அவர் கையில் வந்த திறமை அவருடையது, அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம், தயாரிப்பாளரின் சர்வீஸ் கடவுச்சொற்கள், உங்களுக்காக அவர் எழுதும் பயிற்சிக் குறிப்புகள் ஆகியவை உங்களுடையவை. குறிப்புகளின் பதிப்புரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆவது பிரிவால் முதலாளிக்கே சேரும். வாடிக்கையாளரின் ரகசியம் இதைவிட நுட்பமானது. திரையில் வந்த அலாரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து தைவானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்தப் படத்தின் ஓரத்தில் மருத்துவக் கருவி ஒன்றின் வரைபடம் தெளிவாகத் தெரிகிறது. பட்டறைக்காரர் தம் வாடிக்கையாளருக்கு அதைக் காப்பதாக எழுதிக் கொடுத்திருப்பார். படமெடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும், நிறுவனக் கைப்பேசியை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று எழுதுங்கள்.

தாய்லாந்துக்கோ இந்தோனேசியாவுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால், சுற்றுலாப் பயணியாக நுழைந்து இயந்திரத்தின் முன் நின்று சொல்லிக்கொடுப்பதும் வேலைதான் என்பதை மறக்காமல், அந்நாட்டு வேலை அனுமதியை முன்கூட்டியே விசாரியுங்கள்.

இரண்டு காகிதங்கள் தனித்தனியே வேண்டும்: ஒன்று வேலை ஒப்பந்தம், மற்றொன்று பயிற்சிப் பிணை. இரண்டையும் தைச்சுங்குக்கு விமானச் சீட்டு எடுக்கும் முன், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்க அவருக்கு ஒரு வாரமாவது கொடுத்து, அதன் பிறகு கையெழுத்து வாங்குங்கள். அவசரத்தில் விமான நிலையத்தில் வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு வழக்காடுவது மிகக் கடினம்.