பெட்ரோமாக்ஸில் காற்று ஏறுகிறது, விளக்கு எரிய மாட்டேன் என்கிறது. நிப்பிளை மாற்ற வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான். தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் பல வருடம் பரணில் கிடந்தது. டிசம்பர் கடைசியில் காவிரிக் கரையில் கூடாரம் போட்டபோது எடுத்துப் போனீர்கள். ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, பம்ப் அடித்து, எண்ணெயைத் திறந்துவிடும் சக்கரத்தைத் திருப்பினால் குபீர் என்று மஞ்சள் தீ எழுந்து கரி கக்கி அணைந்துவிட்டது. ஆவி வெளியே வரும் சின்ன முனையான நிப்பிளைக் கழற்றிக் கழுவி மாட்டியும் அதே கதை.

புது நிப்பிள் இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் விளக்குக்குச் சூடு போதவில்லை.

பெங்களூர் அல்சூரில் எங்கள் அப்பா பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். சித்ரா பௌர்ணமிக்குப் பூப்பல்லக்கு கிளம்பும் ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணை முழுக்க விளக்குகளாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேண்டில், அதாவது வெளிச்சம் தரும் வலைத்துணிப் பை, கட்டுவது என் வேலை, பெரிய விரல்களுக்கு அந்த நூல் முடிச்சு சரியாக வராது என்று என்னிடம் கொடுத்துவிடுவார். யாராவது எரியாத விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் அப்பா உடனே தொடமாட்டார். "சத்தம் எப்படி வருது?" என்றுதான் முதலில் கேட்பார். வந்தவர் விழிப்பார். நானும் பத்து வயது வரை விழித்திருக்கிறேன்.

அவர் ஏன் சத்தத்தைக் கேட்டார் என்பது விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் புரியும். இந்த விளக்கு மண்ணெண்ணெயை எரிப்பதில்லை, மண்ணெண்ணெயின் ஆவியைத்தான் எரிக்கிறது. தொட்டியில் ஏறிய காற்று எண்ணெயை நடுவில் நிற்கும் பித்தளைக் குழாய் வழியாக மேலே தள்ளும். குழாய் சூடாக இருந்தால் எண்ணெய் அங்கேயே ஆவியாகி, நிப்பிளின் நுண்ணிய துளை வழியாகச் சீறி, போகிற போக்கில் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு மேண்டிலுக்குள் போய் எரியும். எரியத் தொடங்கிவிட்டால் அந்தச் சூடே குழாயைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். முதல் சூட்டை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். குழாயைச் சுற்றி ஸ்பிரிட் எரிக்கும் சின்னக் கிண்ணமான ஸ்பிரிட் கப் அதற்குத்தான். மண்ணெண்ணெய் கொதிப்பது ஏறத்தாழ 150 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை. குழாய் அந்த அளவுக்குக் காயாவிட்டால் நிப்பிளில் வருவது ஆவி அல்ல, எண்ணெய்த் தூறல். அது மஞ்சளாக எரியும், கரி அடிக்கும், குபீர் என்று கூரை வரை எழும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

ஆவி வந்தால் ஒரே சீரான, உலர்ந்த "உஸ்ஸ்" சத்தம். எண்ணெய் வந்தால் ஈரச் சத்தம், வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊதுவது போல விட்டு விட்டு வரும். சத்தமே இல்லை என்றால் அடைப்பு, அல்லது காற்றே இல்லை. அப்பா பாதி நோயை இந்த மூன்றில் கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் விஷயத்தில் இரண்டு சந்தேகம். ஒன்று, ஆற்றங்கரைக் காற்று. ஸ்பிரிட் தீ கப்பில் எரிந்தாலும் சூடு குழாயில் ஏறாமல் காற்றோடு போய்விடும். மூன்று பக்கம் மறைப்பு வைத்துப் பற்றவையுங்கள். குளிர் இரவில் ஒரு கப் போதாது, இரண்டு கப் எரிக்க வேண்டும். இரண்டாவது கப்பை ஊற்றும்போது மட்டும் கவனம்: முதல் தீ முழுக்க அணைந்துவிட்டதா என்று பாருங்கள். ஸ்பிரிட் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள், நீள மூக்குள்ள சின்ன எண்ணெய்க் கேன் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சந்தேகம், எந்த ஸ்பிரிட்? கொரோனா காலத்துக்குப் பிறகு நிறையப் பேர் மிச்சமிருக்கும் சானிடைசரை ஊற்றுகிறார்கள். அதில் பெரும்பாலும் கால் பங்கு அளவுக்குத் தண்ணீர் இருக்கும். தீ பிடிக்கும், ஆனால் அந்தச் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். மரச்சாமான் பாலிஷ் பொருட்கள் விற்கும் கடையில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்று கேளுங்கள்.

கப்பில் தீ அணையப் போகும் நேரத்தில்தான் சக்கரத்தைத் திறக்க வேண்டும், மெதுவாக. அதுவரை தொட்டிக் காற்றை வெளியே விடும் காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும். பிறகு அதை மூடி, முதலில் பத்துப் பதினைந்து அடி பம்ப், மேண்டில் வெள்ளையாக நின்றபின் மீதி. அழுத்தம் காட்டும் அளவுமானி உள்ள விளக்கில் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது. தவறிப்போய்ப் பெரிய மஞ்சள் தீ வந்துவிட்டால் பதற வேண்டாம், காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். அழுத்தம் இறங்கியதும் தீ தானாகச் சுருங்கிவிடும். எப்போதும் முகத்தை விளக்குக்கு நேர் மேலே கொண்டுபோகாதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் எரியாவிட்டால் பம்பைப் பாருங்கள். காற்று ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கைக்கு எதிர்ப்பு வர வர இறுக வேண்டும். வெறும் குழலில் கோலை விட்டு ஆட்டுவது போல இருந்தால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டது என்று அர்த்தம். பரணில் கிடந்த விளக்குகளில் இது ரொம்பவும் சகஜம். பம்ப் கோலை வெளியே எடுத்து, தோலின் ஓரத்தைக் கிண்ணம் போல விரலால் விரித்து, எண்ணெயில் ஊற வைத்தால் போதும்.

எந்த எண்ணெய் என்பதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். ஒரு ஜனவரியில் குடகுக்குப் போகும்போது கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயைத் தோலில் தடவிக் கொண்டுபோனேன். சாயங்காலம் வரை அருமையாக வேலை செய்தது. ராத்திரி பத்து மணிக்கு மண்ணெண்ணெய் தீர்ந்து, விளக்கை நன்றாக ஆறவிட்டு நிரப்பி, மறுபடி பம்ப் அடித்தால் காற்றே ஏறவில்லை. பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் நிப்பிள், அதன் ஊசி என்று தப்பான இடத்தையெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் குடைந்துகொண்டிருக்கிறேன். கடைசியில் கோலை இழுத்துப் பார்த்தால் தோலைச் சுற்றி வெள்ளையாக உறைந்த எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கெட்டியாகிவிடும் என்பது டிசம்பர் மாதம் பெங்களூர்க் குளியலறையில் தினமும் பார்க்கிற விஷயம்தான், விளக்கோடு சேர்த்து யோசிக்கவில்லை. உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி மாட்டியதும் எரிந்தது. அதற்குப் பிறகு விளக்கெண்ணெய் அல்லது தையல் மிஷின் எண்ணெய்தான். தோல் வெடித்திருந்தால் எந்த எண்ணெயும் உதவாது, மாற்ற வேண்டும். சிவாஜி நகர்ப் பக்கம் ஸ்டவ் பழுது பார்ப்பவர்களிடம் அளவு காட்டிக் கேளுங்கள்.

அடித்து முடித்ததும் பம்ப் கைப்பிடி தானாக மேலே எழும்பி வந்தால், அல்லது பம்ப் குழலுக்குள் மண்ணெண்ணெய் வந்திருந்தால், அடியில் உள்ள வால்வு கசிகிறது. மூடியின் ரப்பர் வாஷர் கெட்டியாகிவிட்டதா என்பதற்கு, தீ எதுவும் பக்கத்தில் இல்லாமல், சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வரும்.

இப்போது நிப்பிள். நீங்கள் அதை ஏற்கெனவே கழற்றிவிட்டதால் சொல்கிறேன், எனக்கு உங்கள் விளக்கில் பெரிய கவலை இந்த இடத்தில்தான். துளையைச் சுத்தம் செய்யும் ஊசி உள்ளே இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும்போது அது மேலே வந்து துளையைக் குத்திவிட்டு இறங்கும். ஊசி மேலே நிற்கும்போது நிப்பிளை முறுக்கினால் ஊசி வளையும் அல்லது முறிந்து துளையிலேயே சிக்கும். ஊசி கீழே இறங்கிய நிலையில்தான் மாட்ட வேண்டும். தையல் ஊசியை வைத்து வெளியிலிருந்து குத்தியிருந்தால் துளை பெரிதாகியிருக்கும், பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் மஞ்சள் தீதான். அப்படி நடந்திருந்தால் மட்டும் புது நிப்பிள் வாங்குங்கள். மாட்டியபின் நிப்பிள் மேலே இருக்கும் வளைந்த குழாயின் வாய்க்கு நேர் நடுவில் நிற்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

அந்தக் குழாயின் வாயைப் பார்க்கும்போது உள்ளேயும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். காற்று இழுக்கும் வழி அதுதான். சிலந்தி வலை கொஞ்சம் இருந்தாலே தீ மஞ்சளாகும். அப்பாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே விளக்கை நான் நான்கு வருடம் கழித்து இறக்கியபோது, அந்தக் குழாய் முழுக்கக் குளவி மண் கூடு கட்டி வைத்திருந்தது. வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

மேண்டிலைப் பற்றியும் கொஞ்சம். கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1885-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவைக்கு வந்தபின்தான் நாம் பார்க்கும் வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. முதல் முறை எரிந்ததும் துணி போய், சாம்பல் கூடு மட்டும் நிற்கும். அதில் ஓட்டை விழுந்துவிட்டால் தீ அந்த வழியாகப் பாய்ந்து கண்ணாடியை வெடிக்க வைக்கும், உடனே மாற்றுங்கள். பழைய மேண்டில்களில் தோரியம் இருப்பதால் அந்தச் சாம்பலை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தெடுத்துக் கை கழுவுங்கள். என் பத்து வயதில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் இப்போது பெங்களூரில் எளிதில் கிடைப்பதில்லை என்பதற்காகப் பெட்ரோலோ பெயிண்ட் தின்னரோ ஊற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. பெட்ரோல் வகை எரிபொருளுக்கென்றே செய்யப்படும் கோல்மன் லாந்தர்கள் வேறு. ஸ்பிரிட் கப் உள்ள விளக்கில் அதை ஊற்றினால் கையில் குண்டு வைத்திருப்பது போல. குளிருகிறது என்று எரியும் விளக்கைக் கூடாரத்துக்குள் கொண்டுபோவதும் கூடாது. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

எரிந்த பிறகு திரும்பப் பரணில் ஏற்றுவதாக இருந்தால் தொட்டியை முழுக்க வடித்துவிடுங்கள், பழைய எண்ணெய் பிசினாகிவிடும். காற்றுக் குழாயின் வாயை ஒரு துணியால் அடைத்துக் கட்டுங்கள். பற்றவைக்கும்போது அவிழ்க்க மறக்காமல் இருப்பதற்காக, என் விளக்கில் அதே துணி முடிச்சுக்குள் தீப்பெட்டியையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.